அப்பா கற்றுக்கொடுத்த பகுத்தறிவு எனக்கு ஏன் ஆறுதல் தரவில்லை?

திருச்சியிலிருந்து 42 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கடவுள் மறுப்புக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பூஜை அறை கிடையாது, தீபாவளி கிடையாது, பொங்கல் மட்டும் உண்டு. அப்பா காலையில் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு ‘விடுதலை’ படிப்பவர், முக்கியமான வரிகளுக்குக் கோடு போட்டு மகளிடம் நீட்டுபவர். மகள், மகன் இருவருக்கும் மேடையில் மாலை மாற்றித்தான் திருமணம் நடந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு இரவு, 74 வயதான அப்பா “நெஞ்சு ஒரு மாதிரி பிசையுது” என்றிருக்கிறார். இருபது வருட சர்க்கரை நோயாளி. வாய்வுத் தொல்லையாக இருக்கும் என்று மகள் மாத்திரையும் சீரகத் தண்ணீரும் கொடுத்துப் படுக்க வைத்தார். விடியும்போது மூச்சு இல்லை. அப்பா எழுதி வைத்திருந்தபடி கண்களைத் தானம் செய்து, அன்று மாலைக்குள் உடலை மருத்துவக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் படத்திறப்பு. அத்துடன் எல்லாம் முடிந்தது.

அவருக்கு முடியவில்லை. தினமும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மெயின்கார்டு கேட் பக்கம் துணி எடுக்கப் போனவர், ஏனென்று தெரியாமல் லூர்து மாதா கோயிலுக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அன்று மட்டும் மனசு லேசாக இருந்ததாம். அப்புறம் இரண்டு நாள் குற்ற உணர்ச்சி.

இதற்கிடையே அம்மா. 46 வருடம் அப்பாவோடு வாழ்ந்து, நெற்றியில் எதுவும் வைக்காதவர். அரிசி டப்பாவுக்குள் சமயபுரம் திருநீற்றுப் பொட்டலம் ஒன்று மகள் கையில் தட்டுப்பட்டது. கேட்டதற்கு அம்மா அழுதுகொண்டே, தை அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் காவிரிப் படித்துறையான ‘அம்மா மண்டப’த்தில் அப்பாவுக்காக எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தம்பி போனிலேயே கத்தினான்: “அப்பாவை ரெண்டாவது தடவை சாகடிக்காதீங்க.” சித்தப்பாவோ, காரியம் செய்யாத ஆத்மா அலையும் என்று சொல்லி ஒரு ஜோசியரிடம் கூட்டிப்போக, அவர் பரிகாரத்துக்கு 65,000 ரூபாய் கேட்டிருக்கிறார். ஒன்பது வயது மகன், தாத்தா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

“பகுத்தறிவால் மனசுக்கு ஆறுதல் தர முடியாதா? சாமி கும்பிடுகிறவர்களுக்குக் கிடைப்பது எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? நான் போலியா? அம்மாவைத் தடுக்க வேண்டுமா?” இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மதம் தரும் ஆறுதலில் பெரும்பகுதியை நம்பிக்கை இல்லாதவர்களும் பெற முடியும். ஆனால் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பெற முடியாது. அதற்கு மனிதர்கள் வேண்டும், குறித்த நாட்கள் வேண்டும், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். உங்கள் அப்பாவின் கொள்கையில் குறை எதுவும் இல்லை. கொள்கை இருந்தால் துக்கத்துக்கு வேறெதுவும் தேவையில்லை என்று நீங்கள் எல்லோரும் நினைத்துவிட்டீர்கள். அங்கேதான் தவறு நடந்திருக்கிறது.

அழுவது கொள்கைக்கு விரோதமா?

படத்திறப்பு அன்று “அப்பாவின் மகள் அழக் கூடாது” என்று யாரோ சொன்னதாகவும், அதனால் நீங்கள் கடைசிவரை அடக்கிக்கொண்டு இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அது தவறு.

1933 மே மாதம் தன் மனைவி நாகம்மையார் இறந்தபோது பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுதிய இரங்கலை உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் தேடிப் படியுங்கள். ஆதரவு போயிற்று என்பதா, இன்பம் போயிற்று என்பதா, ஊக்கம் போயிற்று என்பதா, எல்லாமே போயிற்று என்பதா என்று கேட்டுக்கொண்டே போய், ஒன்றும் விளங்கவில்லை என்கிறார். ஊருக்கெல்லாம் பகுத்தறிவு சொன்னவர், தன் வீட்டு இழப்பு தன் அறிவுக்குப் பிடிபடவில்லை என்று அச்சில் போட்டார். அதே எழுத்தில், இனி குடும்பக் கவலை இல்லாமல் பொதுவேலை செய்யலாம் என்றும் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறார். இரண்டும் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து வந்தவைதான்.

“ஆவி என்று ஒன்று உண்டா?” என்பது கேள்வி. அதற்கு அறிவு பதில் சொல்லும். “அப்பா இல்லையே” என்பதில் கேள்வியே இல்லை, அதற்கு யாரிடமிருந்து பதில் வரும்? அறிவிடம் அந்தப் பதிலை எதிர்பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் நம் சிந்தனையில்தான் கோளாறு என்று முடிவு கட்டுகிறோம்.

சரி, லூர்து மாதா கோயில் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே உங்களுக்கு நடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: உயரமான கூரை, சத்தமில்லாத இடம், யாரும் எதுவும் கேட்கவில்லை, பக்கத்து பெஞ்சிலும் ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தார். எட்டு மாதமாக அழுவதற்கு ஒரு இடம் கிடைக்காதவருக்கு அன்று கிடைத்திருக்கிறது. வீட்டில் அழுதால் அம்மா பயப்படுவார், மகன் மிரளுவான், தம்பி திட்டுவான். நீங்கள் கட்சி மாறிவிடவில்லை. இன்னொரு நாள் போய் உட்காரத் தோன்றினால் போங்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாமி கும்பிடும் வீடாக இருந்திருந்தால்

உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இதே மரணம் நடந்திருந்தால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செய்தி தெரிந்ததும் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஒருவர் தேற்றத் தேற்ற இன்னொருவர் அழுவார். அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் சோறு பக்கத்து வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ வரும். மறுநாள் அல்லது மூன்றாம் நாள் பால் தெளிப்பு. அதுவரை ஊரிலிருந்து வந்த உறவு கிளம்பாது. பிறகு துக்கம் விசாரிக்க ஒவ்வொருவராக வந்துகொண்டே இருப்பார்கள். வருகிறவர்களிடமெல்லாம் “அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னா...” என்று அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ கருமாதி. அன்று தலைக்கு எண்ணெய் வைத்து, புதுத்துணி கொடுத்து, இனி வேலையைப் பார் என்று ஊரே சேர்ந்து சொல்லும். அத்தோடும் விடாது. முப்பது, மாதா மாதம் அமாவாசை, முதல் வருட திதி என்று நாட்கள் குறித்து வைத்திருப்பார்கள். அந்த நாளில் இறந்தவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், அவருக்குப் பிடித்ததைச் சமைத்தே ஆக வேண்டும்.

இதில் ஆன்மா, சொர்க்கம் என்ற நம்பிக்கையால் மட்டும் நடப்பது எவ்வளவு? மிகக் கொஞ்சம். அதே கதையைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்வது, துக்கத்தை மனசு செரித்துக்கொள்ள உதவும் வழி. நாங்கள் ஆலோசனை அறையில் செய்ய வைப்பதும் ஏறக்குறைய அதைத்தான். உங்கள் வீட்டில் அந்தக் கதையை இதுவரை எத்தனை பேரிடம் முழுதாகச் சொன்னீர்கள்? எனக்கு எழுதியதுதான் முதல் தடவை என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. எனக்குப் பெரிய கவலை அந்த வரியைப் பற்றித்தான்.

உங்கள் சுயமரியாதை இயக்கத்து முன்னோர்களுக்கு இந்த விஷயம் தெரியாமல் இல்லை. திருமணத்தில் மந்திரத்தையும் புரோகிதரையும் விலக்கியவர்கள், “ரெண்டு பேரும் சேர்ந்து வாழுங்க, போங்க” என்று விட்டுவிடவில்லை. மேடை, மாலை, உறுதிமொழி, தலைவர் உரை, சாப்பாடு என்று புதிதாக ஒரு முறையையே உண்டாக்கினார்கள். பல வருடம் போராடி, 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது அதற்குச் சட்ட ஏற்பும் வாங்கினார்கள். கல்யாணத்துக்கு இவ்வளவு யோசித்தவர்கள் சாவுக்குப் படத்திறப்போடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது என் கருத்து. படத்திறப்பிலும் பேசுகிறவர் மைக்கில் பேச, வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். உடல்தானம் செய்த வீட்டில் இன்னொரு வெறுமையும் சேர்ந்துகொள்கிறது. வண்டி கிளம்பியதும் சாம்பல் இல்லை, சமாதி இல்லை, போய் நிற்க ஓர் இடம்கூட இல்லை. உடல்தானம் மிக உயர்ந்த காரியம். அதைச் செய்த குடும்பத்தின் மனசை யார் கவனிப்பது என்பதையும் நாம் யோசித்தாக வேண்டும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இன்னும் நான்கு மாதத்தில் முதல் நினைவு நாள் வருகிறது. அதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வாசகர் வட்ட நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மேடை, மைக் வேண்டாம், பாய் விரித்து உட்காருங்கள். ஒவ்வொருவரும் அப்பாவைப் பற்றித் தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லட்டும். அவர் கோடு போட்ட பழைய பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிகளைப் பேரன் படிக்கட்டும். அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பை வைத்து எல்லோருக்கும் சோறு போடுங்கள். அடுத்த வருடமும் அதே நாளில் இதையே செய்யுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால்தான் அதற்குப் பலம் வரும்.

இன்னொன்று. பல மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள், உடற்கூறியல் வகுப்பு தொடங்கும் முன் தானமாக வந்த உடல்களுக்கு மரியாதை செய்து உறுதிமொழி எடுக்கிறார்கள். நீங்கள் உடலை ஒப்படைத்த கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, அந்த நாளில் குடும்பத்தார் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றாலும் நஷ்டம் இல்லை.

பகுத்தறிவு கைகொடுக்கும் இடம்

உங்கள் துக்கத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. அப்பா இல்லாத வெறுமை ஒன்று. “நான் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேனே” என்ற குற்ற உணர்ச்சி இன்னொன்று. மூன்று மணிக்கு எழுப்புவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

மதம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: “அவருக்கு ஆயுசு அவ்வளவுதான்.” கேட்பவருக்குப் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. பூர்வ ஜென்மப் பாவம், சாமிக் குத்தம் என்று தன்னையே போட்டு வதைத்துக்கொள்ளும் பக்தர்களையும் நான் நிறையப் பார்க்கிறேன். அமெரிக்காவில் கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோயுற்ற முதியவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்பது போன்ற எண்ணங்களோடு போராடியவர்களிடம் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. நம்பிக்கை உள்ளவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதை அதனால்தான் நான் ஏற்கவில்லை.

குற்ற உணர்ச்சி விஷயத்தில் உங்கள் பகுத்தறிவு நன்றாகவே வேலை செய்யும். 1960-களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் வளர்த்தெடுத்து, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் பேச்சு சிகிச்சையின் அடிப்படையே, மனசில் ஓடும் தீர்ப்பை எடுத்து ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், அன்று இரவு பத்து மணிக்கு உங்களுக்குத் தெரிந்தவை. வலப்பக்கம், மறுநாள் காலைக்குப் பிறகு தெரியவந்தவை. அப்பா வியர்க்கவில்லை, கை வலிக்கிறது என்று சொல்லவில்லை, “ஏப்பம் வந்தா சரியாயிடும்” என்று அவரே சொன்னார். இவையெல்லாம் இடப்பக்கம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் மாரடைப்பின் வலி சரியாகத் தெரியாமலே போகலாம் என்பது வலப்பக்கம். மருத்துவர் பிறகு சொல்லித்தான் அது உங்களுக்குத் தெரிந்தது. வலப்பக்கத்தில் உள்ளதை வைத்து இடப்பக்கத்து மனுஷியைத் தண்டிப்பது நியாயமா?

உடனே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரோ என்றால், பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். “எப்படியும் போயிருப்பார்” என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவு நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. மாத்திரை கொடுத்தீர்கள், கால் பிடித்துவிட்டீர்கள், பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தீர்கள். இதை நோட்டில் உங்கள் கையால் எழுதி, தம்பியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவன் இவ்வளவு கோபப்படுவதற்குள்ளேயும், தான் பக்கத்தில் இல்லையே என்ற இதே குற்ற உணர்ச்சி இருக்கலாம்.

ஈடு கட்ட முடியாத ஒன்று

நம்பிக்கை உள்ளவருக்கு ஒரு வாக்குறுதி இருக்கிறது: மறுபடியும் பார்ப்போம். அதற்கு இணையாகப் பகுத்தறிவிடம் எதுவும் இல்லை. “அவர் நம் நினைவில் வாழ்கிறார்” என்று சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் மகளுக்கு நினைவு வேண்டாம், ஆள் வேண்டும். அந்த இடம் காலியாகவே இருக்கும். தத்துவம் பேசி அதை அடைக்கப் பார்க்காதீர்கள். அது காலியாக இருப்பதையும் தாங்கிக்கொண்டு சிரித்து, வேலை பார்த்து, பிள்ளை வளர்த்து வாழ்கிறவர்கள் ஏராளம். உங்கள் அப்பாவும் தன் அம்மாவை இழந்து அப்படித்தான் வாழ்ந்திருப்பார்.

அம்மாவைத் தடுக்கலாமா?

கூடாது. மனச்சான்று உரிமை அரசியலமைப்பின் 25-வது பிரிவில் எல்லோருக்கும் உண்டு. நம்பாமல் இருக்க அப்பாவுக்கு இருந்த அதே உரிமைதான், நம்புவதற்கு அம்மாவுக்கும் இருக்கிறது. 46 வருடம் திருநீறு வைக்காமல் இருந்தவர் அதைக் கொள்கையால் செய்தாரா, கணவர் மேல் இருந்த பிரியத்தால் செய்தாரா என்று யாராவது கேட்டதுண்டா? இப்போதாவது கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். அரிசி டப்பாவிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் அலமாரியில் வெளிப்படையாக வைத்துவிடுங்கள். பெண் விடுதலை பேசிய வீட்டில் ஒரு பெண் தன் துக்கத்தை ஒளித்துவைக்கும்படி ஆகக் கூடாது.

அம்மா மண்டபத்துக்கு அவர் போக விரும்பினால் துணைக்குப் போங்கள். நீங்கள் எள் விட வேண்டியதில்லை, வாயில் மந்திரம் சொல்ல வேண்டியதில்லை. அமாவாசைக் கூட்டத்தில் எழுபது வயதுப் பெண் படிக்கட்டில் தனியாக இறங்கக் கூடாது, அதற்கே ஒரு ஆள் வேண்டும். தம்பியைக் காரியம் செய்யச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. அவனுக்கு விருப்பம் இல்லை, அதுவும் அவன் உரிமை. அப்பாவின் கடைசி விருப்பம் தன் உடலைப் பற்றியது. அதை அப்படியே நிறைவேற்றிவிட்டீர்கள். அம்மா எப்படி அழ வேண்டும் என்று அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஜோசியர் விஷயத்தில் கறாராக இருங்கள். ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விடுவது அம்மாவின் துக்கம். ஆத்மா அலைகிறது என்று பயமுறுத்தி 65,000 ரூபாய் கேட்பது வியாபாரம். சித்தப்பாவிடம், “அம்மா விரும்புவதைச் செய்கிறோம், பரிகாரத்துக்கு ஒரு பைசா தர மாட்டோம்” என்று அம்மாவை வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அம்மாவின் நகையையும் வங்கிப் புத்தகத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருக்கும் முதியவர்களிடமிருந்து பணம் கறப்பது மிக எளிது.

மகனுக்கு

பாட்டி “சாமிகிட்ட போயிட்டார்” என்கிறார், மாமா “எங்கேயும் போகலை, அவ்வளவுதான்” என்கிறார், குழந்தை குழம்புகிறான். அவனிடம் இப்படிச் சொல்லலாம்: “தாத்தாவோட உடம்பு வேலை செய்றது நின்னு போச்சு. அவருக்கு இப்ப வலி இல்லை, பசி இல்லை. டாக்டருக்குப் படிக்கிறவங்க அவர்கிட்டேயிருந்து கத்துக்குறாங்க. பாட்டி, தாத்தா சாமிகிட்ட இருக்கார்னு நம்புறாங்க. அம்மா அப்படி நினைக்கலை. நீ பெரியவன் ஆனப்புறம் யோசிச்சுக்கோ.” தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள். சில குழந்தைகள் தூங்கப் போகவே பயப்பட ஆரம்பித்துவிடுவார்கள். அவன் முன்னால் நீங்கள் அழுதால் தப்பில்லை, எதற்காக அழுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அழுங்கள்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது?

எட்டு மாதம் தூக்கம் கெட்டிருப்பதே ஒரு முறை போய்ப் பார்க்கப் போதுமான காரணம். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பட்டியலில், ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு நீளும் துக்கம் ஒரு தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், சமைக்கிறீர்கள், பிள்ளையைக் கவனிக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ உங்களுக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடமோ ஒரு தடவை பேசிவிடுங்கள். மருந்து வேண்டுமா, பேச்சு மட்டும் போதுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். எடை குறைந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடலாம்.

“நானும் அப்பாகூடவே போயிருக்கலாம்” என்று ஒரு இடத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது தெளிவாகவே தெரிகிறது. அந்த எண்ணம் திரும்ப வந்தால், எந்த நேரமானாலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் அம்மாவை எழுப்பி, தூக்கம் வரவில்லை, பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்லுங்கள். அவரும் அந்த நேரத்தில் விழித்துத்தான் இருக்கிறார் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.